தரையின் மீது போட்ட பழி

என் தங்கச்சிக்கு இடது காது கேட்காது. டொக்டர் இதைச் சொல்வதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னாலேயே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அதற்கான அளவுகள் அத்தனையும் என் கையெழுத்தில், ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில் இருந்தன. அவற்றை வைத்து அழகான ஒரு வரைபும் வரைந்தேன். வரைபுக்கு முதல் பரிசு கிடைத்தது.

நான் விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்கிறவள். தெல்தெனியப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலை. கண்டி டவுனிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். எதற்கெடுத்தாலும் காரணம் சொல்வது என் பழக்கம். அப்பளம் எண்ணெயில் ஏன் பொங்குகிறது, குளிர்காலத்துக் காலையில் வாவியின் மேல் ஏன் புகை எழும்புகிறது என்றெல்லாம், கேட்டவர்களுக்கும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன். "இவகிட்ட வாயைக் குடுத்தா பாடம் எடுத்துருவா" என்று அம்மா சொல்லுவார். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது. பாடசாலைச் சுவரில் வாராவாரம் ஒரு தாளும் ஒட்டி வந்தேன். அன்றாட வாழ்க்கையில் ஒளிந்திருக்கிற கணக்கு, விஞ்ஞானம் பற்றிய துணுக்குகள். பிள்ளைகள் வாசித்தார்களோ இல்லையோ, அதிபர் வாசித்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

தங்கச்சி என்னைவிடப் பதினொரு வயது சின்னவள். அவளுக்கு ஆட்டம்தான் உயிர். உயர்தரத்துக்கு நடனத்தை ஒரு பாடமாக எடுத்திருந்தாள். பிறகு நடனத்திலேயே பட்டம் படித்து, நடன டீச்சராக வரவேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே எண்ணம். வேறு எந்த வேலையைப் பற்றியும் அவள் பேசி நான் கேட்டதில்லை. அப்பா நகரசபையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். "அரசாங்க வேலைதானே, ஆடிட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டார்.

எங்கள் வீடு டவுனுக்கு மேலே, படி ஏறிப் போகிற ஒரு சந்தில் இருக்கிறது. அப்பா ஓய்வு பெற்ற பிறகு முன் ஹோலைக் கட்டினார். சிவப்புச் சிமெந்துத் தரை. கழுவினால் தண்ணீர் தேங்காமல் பின்கானுக்கு ஓட வேண்டும் என்பதற்காக மேசன் பாஸ் தரைக்கு நன்றாகவே வாட்டம் வைத்துவிட்டார். சின்னக் கண்ணாடிப் போளையை வைத்தால் அது வடக்குச் சுவரோரமாகத்தான் உருளும். இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. கண்டியில் சமமாக ஒரு இடம் வேண்டுமென்றால் வாவிக்குள்தான் இறங்க வேண்டும். இங்கே வீடு சரியும், ரோட்டு சரியும், கடைக்காரரின் தராசு வைத்த மேசை கூடச் சரிந்துதான் இருக்கும். எது சரிந்தாலும் நாங்கள் நிலத்தைத்தான் குறை சொல்லுவோம். வேறெங்கும் தேட மாட்டோம்.

நடன டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். கலியாணம் முடித்துக் கண்டிக்கு வந்தவர். தட்டடவைக் கண்ணை மூடிக்கொண்டு செய்து பழகச் சொல்லியிருந்தார். தாளம் காலுக்குள் இறங்க வேண்டுமாம். தங்கச்சி தினமும் பின்னேரம் ஹோலில், கிழக்குச் சுவரில் மாட்டியிருக்கிற சாமிப் படங்களுக்கு முன்னால் நின்று, முழங்கால் மடித்து அரைமண்டியில் தாழ்ந்து, நின்ற இடத்திலேயே காலால் தட்டுவாள். ஒருநாள் கண்ணைத் திறந்தபோது அவளுக்கு முன்னால் சாமி இல்லை. இடப்பக்க மூலையில் இருக்கிற அலுமாரி இருந்தது.

"அக்கா, சாமி எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அடுத்த நிமிடமே கொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த மாதங்கள் எங்கள் இருவருக்கும் நல்ல மாதங்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. தரையில் சோக்கால் சிலுவைக் குறி போட்டேன். பெட்டி மட்டையில் பெரிய பாகைமானி ஒன்று வெட்டினேன். பதினாறு தட்டுக்கு ஏறக்குறையப் பத்துப் பாகை இடதுபக்கம் திரும்பினாள். முப்பத்திரண்டுக்கு இருபது. அறுபத்து நாலுக்கு நாற்பது. புள்ளிகளை வைத்தால் அடிமட்டம் வைத்துப் போட்டது போல ஒரு நேர்கோடு. நேர்கோட்டைப் பார்த்தால் எனக்குப் பித்துப் பிடித்துவிடும். உலகத்தில் வேறெதுவும் எனக்கு நேராக வந்ததில்லை.

சும்மா இருந்த நேரத்தில் தாளத்தையும் விடவில்லை. எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்துக்குள் ஐந்தெழுத்துத் 'தகதகிட'வைத் திரும்பத் திரும்பச் சொன்னால், நாற்பதாவது எண்ணிக்கையில்தான் இரண்டும் ஒன்றாக வந்து முடியும் என்று காட்டினேன். எட்டுக்கும் ஐந்துக்கும் பொது மடங்குகளுட் சிறியது நாற்பது. ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் கொட்டாவி விடுகிற பாடம். அவள் கையைத் தட்டிச் சொல்லிப் பார்த்து, நாற்பதில் வந்து விழுந்ததும் கண்ணை அகல விரித்தாள். "இத யாருமே எனக்குச் சொல்லலியே" என்றாள். அவளுடைய முகத்தில் என்னைப் பற்றி அப்போது இருந்த மரியாதையை நினைத்தால் இப்போது எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இடதுபக்கம் திரும்புவதற்குக் காரணம் தரை. கிழக்கே பார்த்து நின்றால் வடக்கு இடது கைப்பக்கம். வாட்டமும் வடக்குப் பக்கம். இடது கால் ஒவ்வொரு முறையும் ஒரு நூலளவு தாழ இறங்குகிறது. உடம்பு அந்தப் பக்கம் திரும்புகிறது. சுவர்த் தாளில் படத்தோடு எழுதினேன். ஒரேயொரு சோதனை பாக்கி இருந்தது. மேற்கே பார்த்து நின்று தட்டினால், வாட்டம் வலது கைப்பக்கம் வந்துவிடும். அப்போது அவள் வலதுபக்கம் திரும்ப வேண்டும். அதையும் செய்து பார்த்துவிடலாம் என்று அவளைக் கூப்பிட்டேன்.

"சாமிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஆடச் சொல்றியா?" என்று கேட்டாள். ஆடுவதற்கு முன்னால் நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டு, மிதிப்பதற்கு மன்னிப்புக் கேட்கிறவள் அவள்.

அம்மா குசினியிலிருந்தே குரல் கொடுத்தார். "படிச்ச திமிர் ஏறிப்போச்சு ஒனக்கு. புள்ளைய அப்பிடியெல்லாம் நிக்க வைக்காத."

விட்டுவிட்டேன். இதே வேலையை என் வகுப்புப் பிள்ளை ஒன்று செய்திருந்தால், கட்டுப்பாட்டுச் சோதனை எங்கே என்று சிவப்புப் பேனையால் கேட்டு மூன்று புள்ளி வெட்டியிருப்பேன். எனக்கு நானே முழுப் புள்ளி போட்டுக்கொண்டேன்.

தரையைத் தவிர வேறு சில விஷயங்களும் அந்த வருடம் நடந்தன. எல்லாவற்றுக்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. அவள் ஃபோனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள். எழுதுகிற வலது கையை ஏன் ஃபோனுக்குக் கொடுக்கிறாள் என்று ஒரு நொடி யோசித்து, வெறும் பழக்கம் என்று முடிவு கட்டினேன். பிறகு ஒருநாள், "காதுக்குள்ள ஏதோ இரைஞ்சிக்கிட்டே இருக்கு, அக்கா" என்றாள். தினமும் ஒரு மணித்தியாலம் சலங்கைச் சத்தத்துக்குள் நிற்கிறவளுக்குக் காது இரையாமல் என்ன செய்யும் என்று சொன்னேன். உரத்த ஒலிக்குப் பிறகு செவிக்கு ஓய்வு வேண்டும் என்று ஒரு சுவர்த் தாளும் எழுதினேன். அதற்கும் அதிபர் 'மிக நன்று' போட்டார்.

நடன டீச்சர்தான் முதலில் என்னிடம் வந்து பேசினார். ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வரப் போயிருந்தேன்.

"இவ நல்லா ஆடுறா. ஆனா நான் இடப்பக்கம் இருந்து தட்டினால் தாளம் பிந்துது. வலப்பக்கம் வந்து இருந்தால் சரியா வருது. ஒருக்கா காதைக் காட்டிப் பாருமன்" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நடன வகுப்பு நடக்கிற ஹோலை அடி வைத்து அளந்தேன். தங்கச்சி நிற்கிற இடத்திலிருந்து பின்சுவர் பதினேழு மீற்றர். டீச்சர் தாளம் போடுகிற தட்டுக்கழிச் சத்தம் போய்த் திரும்பி வர முப்பத்து நாலு. ஒலி செக்கனுக்கு முந்நூற்று நாற்பது மீற்றர் போகும். ஆகவே எதிரொலி செக்கனில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வரும். அதுதான் அவளைக் குழப்புகிறது. கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்து விழுந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? எதிரொலி வலப்பக்கம் இருந்து தட்டும்போது மட்டும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று நான் கேட்கவில்லை.

டீச்சர் பொறுமையாகக் கேட்டார். "ஓம், நீர் படிச்சனீர். எனக்கு உந்தக் கணக்கு விளங்காது" என்றார். அவர் முகம் வாடியதை நான் அவருடைய தோல்வி என்று எடுத்துக்கொண்டு, வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன்.

இதுவரைக்கும் சொன்னது முட்டாள்தனம். முட்டாள்தனத்துக்கு மன்னிப்பு உண்டு. இனிச் சொல்லப் போவதற்கு என்ன பெயர் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

வலய மட்டத்தில் ஒரு கண்காட்சி வந்தது. ஆசிரியர்களுக்கும் ஒரு பிரிவு இருந்தது. கணக்கும் விஞ்ஞானமும் நடனத்தில் ஒளிந்திருப்பதைப் பற்றி நான் காட்சி வைப்பதென்று முடிவாகி, பெரிய மட்டையில் வரைபைப் போட்டு, வர்ணமும் தீட்டி முடித்துவிட்டேன். அடுத்த வாரம் தீபாவளி. வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். கிழக்குச் சுவர் ஈரமாக இருந்ததால் அம்மா சாமிப் படங்களைக் கழற்றி மேற்குச் சுவரில் மாட்டினார். விளக்கும் அங்கேதான் ஏற்றினார்.

அன்று பின்னேரமும் தங்கச்சி பயிற்சியை விடவில்லை. சாமி மேற்கில் இருந்ததால் மேற்கே பார்த்து நின்றாள். நான் கதிரையில் உட்கார்ந்து, அவளுக்குத் தாளம் தட்டிக் கொடுத்தேன். வாட்டம் இப்போது அவளுக்கு வலது கைப்பக்கம். நான் ஒருமுறை கேட்டுக் கைவிட்ட சோதனை, இப்போது கேட்காமலேயே என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது.

அறுபத்து நாலு தட்டு. இடதுபக்கம் திரும்பினாள். மேட்டுப் பக்கம். தரை ஒரு பக்கம் இழுக்க, அவள் அதற்கு எதிர்ப்பக்கம் ஏறிப் போனாள்.

கண்ணைத் திறந்து, தான் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. "அக்கா, இப்ப தரை எந்தப் பக்கம் சரியுது?" என்று கேட்டாள்.

கேள்வி அவ்வளவு நேராக இருந்தது. அதைவிட நேராக யாரும் கேட்க முடியாது. என் மடியில் கொப்பி இருந்தது, கையில் பேனை இருந்தது. மட்டையில் வரைபு காய்ந்துகொண்டிருந்தது. இந்த ஒரு புள்ளியை வைத்தால் அந்தக் கோடு செத்துப் போகும். கண்காட்சிக்கு இருக்கிற நாலு நாளில் வேறொரு காட்சி செய்ய முடியாது.

"இத்தனை மாசம் இடதுபக்கம் திரும்பித் திரும்பி ஒடம்புக்கு அது பழகிப்போச்சு. வேற ஒண்ணும் இல்ல" என்று சொன்னேன். கொப்பியை மூடினேன். அந்த அளவை நான் எழுதவில்லை.

கண்காட்சியில் அவளையே கூட்டிக்கொண்டு போய், சோக்குக் குறியில் நிற்க வைத்து, எல்லோருக்கும் முன்னால் கண்ணை மூடித் தட்ட வைத்தேன். அங்கே தரை வழவழவென்று சமமாக இருந்தது. அப்படியும் இடதுபக்கம்தான் திரும்பினாள். பழக்கம் என்று சொன்னேன். நடுவர்கள் தலையை ஆட்டினார்கள், கை தட்டினார்கள். ஷீல்டை நாங்கள் இருவரும் சேர்ந்து பிடித்துப் படம் எடுத்தோம். அந்தப் படத்தில் அவள் வலது காதைக் கமராப் பக்கம் காட்டித் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். அழகுக்காகத்தான் அப்படி நிற்கிறாள் என்று அன்று நினைத்தோம்.

உயர்தரம் முடிந்து நடனப் பட்டப் படிப்புக்கான தெரிவுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அப்பாவும் நானும் கூடப் போனோம். கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. வாத்தியக்காரர்கள் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் டீச்சர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. எதிரொலி இல்லாத சின்ன அறைதானே, பயமில்லை என்று அப்பாவிடம் சொன்னேன்.

முதல் ஜதியிலேயே அரைத்தாளம் பிந்தினாள். பிந்தியதை உணர்ந்து பிடிக்கப் பார்த்தாள், இன்னும் பிந்தினாள். வேகமாகச் சுழன்று முடிக்கிற இடத்தில், நடுவர்களைப் பார்த்து நிற்க வேண்டியவள், பக்கத்துச் சுவரைப் பார்த்து நின்றாள். நடுவர் ஒருவர் மேசையில் படாரென்று தட்டினார்.

"புள்ள, காது கேக்குதா இல்லையா ஒனக்கு?"

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கும்தான். எங்கள் வீட்டில் ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வியை, முன்பின் தெரியாத ஒரு மனிதர், ஏச்சாகவாவது கேட்டார். நாங்கள் அதற்காக அவரைத் திட்டிக்கொண்டே வீடு வந்தோம். அவளை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நடன டீச்சர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் பேராதனை ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டு, "நான் இவவைக் கூட்டிக்கொண்டு போறன். விருப்பமெண்டால் நீரும் வாரும்" என்றார். போனேன்.

டொக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கேள்விகள் கேட்டார். பிறகு அவளை அறையின் நடுவில் நிற்கச் சொன்னார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கண்ணை மூடி, நின்ற இடத்திலேயே ஐம்பது அடி வைக்கச் சொன்னார். நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். அவள் வைத்தாள். இருபது, முப்பது, நாற்பது. மெதுவாக, எனக்கு நன்றாகத் தெரிந்த வேகத்தில், இடதுபக்கம் திரும்பி, நிறை பார்க்கிற தராசைப் பார்த்து நின்றாள்.

டொக்டர் ஆச்சரியப்படவில்லை. கோப்பில் ஏதோ எழுதினார்.

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "டொக்டர், இந்த ரூம் தரை சமமா இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன்னுடைய பேனையை, உருண்டையான பேனை, குனிந்து தரையில் வைத்தார். அது அசையவில்லை.

தங்கச்சி கண்ணைத் திறந்து, தான் நிற்கிற இடத்தையும் பேனையையும் என்னையும் பார்த்தாள். "அக்கா, இதுக்குத்தானே நமக்கு ஷீல்ட் குடுத்தாங்க?" என்றாள். குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டாள். நடன டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஸ்கேனில் இடது காதின் நரம்பில் ஒரு கட்டி தெரிந்தது. மோசமான சாதிக் கட்டி இல்லை. வருடக்கணக்கில் மெதுவாக வளர்வது. உயிருக்குப் பயம் இல்லை. ஆனால் அது இருக்கிற அளவுக்கு, எடுக்கும்போது கேட்கும் திறனும் சேர்ந்துதான் போகும் என்றார் டொக்டர். இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் காதைக் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். "நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்" என்றார். அந்த 'ஆனா'வோடுதான் நான் இன்றுவரை குடும்பம் நடத்துகிறேன்.

கட்டியை எடுத்தார்கள். காது போய்விட்டது. நடை திரும்ப வந்தது. ஆட்டம் வரவில்லை. சுழன்றால் விழுகிறாள். சலங்கையை ஒருநாள் டீச்சரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். இப்போது கெலிஓயாவில் ஒரு பாமசியில் நிற்கிறாள். வருகிறவர்கள் தன் வலப்பக்கம் நிற்கும்படி கண்ணாடிப் பெட்டியின் இடது மூலையில் இடம் பிடித்து வைத்திருக்கிறாள்.

நான் இன்னும் படிப்பிக்கிறேன். வருடா வருடம் காதின் படம் வருகிறது. கலர் சோக்கால் கரும்பலகை நிறைய வரைகிறேன். செவிப்பறை, மூன்று சிறு என்புகள், நத்தைச்சுருள், அரைவட்டக் கால்வாய்கள். காதின் தொழில்கள் இரண்டு, கேட்டலும் உடலின் சமநிலை பேணலும் என்று சொல்லி எழுத வைக்கிறேன். அவள் ஹோலில் கண்ணை மூடித் தட்டிய அந்த இரண்டு வருடங்களிலும் இதே படத்தை வரைந்து, இதே வசனத்தைச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் எழுதாவிட்டால் இரண்டு புள்ளி வெட்டியிருக்கிறேன்.

ஷீல்ட் அந்த அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறது. நான் எடுத்து உள்ளே வைத்தால் அம்மா தேடி எடுத்துத் துடைத்து மறுபடி வெளியே வைக்கிறார். புள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியதாம்.

போன மாதம் கிளினிக்குக்குப் போய்விட்டுப் பேராதனையிலிருந்து பஸ் ஏறினோம். வழக்கமாக அவள்தான் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்காருவாள். நான் அவளுக்கு வலப்பக்கம். அன்று நான் முந்தி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். தெரியாமல் அல்ல. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய இடது காது என் பக்கம் இருந்தது. பஸ்ஸில் பாட்டு அலறியது, இன்ஜின் இரைந்தது.

"பெயின்ட் அடிச்ச அன்னைக்கு நீ மேட்டுப் பக்கம் திரும்பினத நான் பாத்தேன். பாத்துட்டும் எழுதாம விட்டேன். ஒன் காத விட எனக்குக் கோடு பெருசாப் போச்சு. என்னை மன்னிச்சிரும்மா" என்று முன் சீட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவள் திரும்பவில்லை. எனக்கு நெஞ்சு லேசானது. அந்த லேசு எவ்வளவு கேவலமானது என்பதும் தெரிந்தது. கேட்காத காதாகப் பார்த்து மன்னிப்புக் கேட்க எனக்கு மட்டும்தான் முடியும்.

கொஞ்சத் தூரம் போன பிறகு அவள் முகத்தை முழுவதும் என் பக்கம் திருப்பி, "ஏதோ சொன்ன மாதிரி இருந்திச்சே. என்னக்கா?" என்று கேட்டாள்.

"மழை வரப் போகுது, ஷட்டரை எறக்கவான்னு கேட்டேன்."

வெளியே நல்ல வெயில். அவள் அந்த வெயிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டிக் கையை நீட்டி, ஷட்டரை இறக்கினாள்.